இடியும் வீட்டில் இருக்க உரிமை உண்டா?

மும்பையில் கோடை முடிகிற சமயத்தில் இரண்டு விஷயங்கள் தவறாமல் நடக்கும். அல்போன்ஸா மாம்பழம் விலை இறங்கும். அந்த மழைக்காலத்தில் இடிந்து விழக்கூடிய பழைய கட்டடங்களின் பட்டியலை மாநில வீட்டுவசதி வாரியம் வெளியிடும். 'ம்ஹாடா' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பட்டியல் பேப்பரில் வரும். தெருப் பெயர், கட்டட எண்ணோடு சுத்தமாக வரும். அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவரும் அதைப் படிப்பார். படித்துவிட்டு, மிச்ச டீயைக் குடித்து முடித்து, வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

இதற்குப் பெயர் என்ன? துணிச்சலா, அசட்டுத்தனமா? இந்தக் கேள்வியோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வருகிறது. 'என் வீடு, என் உயிர், விழுந்தால் விழட்டும், நான் இங்கேதான் இருப்பேன்' என்று ஒருவர் பிடிவாதமாகச் சொன்னால், அவரை வெளியே இழுத்துவிட்டு வீட்டை இடிக்க நகரத்துக்கு என்ன அதிகாரம்? சட்டப்படி இருக்கிறது. மும்பை மாநகராட்சிச் சட்டம், 354-ஆம் பிரிவு. நோட்டீஸ் கொடுக்கலாம், தண்ணீரை நிறுத்தலாம், மின்சாரத்தை வெட்டலாம், போலீஸோடு வந்து காலி செய்யலாம். அதைக் கேட்கவில்லை. நியாயப்படி அதிகாரம் உண்டா என்பதுதான் கேள்வி.

பொதுவாகப் பேசினால் விளங்காது. ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். தென் மும்பையில் காலா கோடா பக்கம் போயிருப்பவர்கள் பார்த்திருக்கலாம். எஸ்பிளனேட் மேன்ஷன். ஒருகாலத்தில் வாட்ஸன் ஹோட்டல். ஜவுளி வியாபாரத்தில் சம்பாதித்த ஜான் வாட்ஸன் என்ற ஆங்கிலேயர் கட்டியது. வடிவமைத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ். லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தின் கூரையிலும் வேலை பார்த்த மனிதர். தூண், உத்தரம் எல்லாவற்றையும் இங்கிலாந்திலேயே வார்த்து, கப்பலில் ஏற்றி, பம்பாயில் இறக்கி, பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் கோப்பது மாதிரி 1860-களின் கடைசியில் கோத்து நிறுத்தினார்கள். 1896 ஜூலை 7-ஆம் தேதி லூமியேர் சகோதரர்களின் ஆட்கள் இந்தியாவில் முதன்முதலாக சினிமா காட்டியது இங்கேதான். அதே வருடம் ஆரம்பத்தில் மார்க் ட்வைன் இங்கே தங்கி, பம்பாய்க் காக்கைகளைப் பார்த்து மலைத்திருக்கிறார். ஜம்ஷெட்ஜி டாட்டாவை இங்கே உள்ளே விடவில்லை, அந்த ரோஷத்தில்தான் அவர் தாஜ் ஹோட்டலைக் கட்டினார் என்று ஒரு கதையும் உண்டு. சரித்திரக்காரர்கள் அதை நம்புவதில்லை. நல்ல கதை என்பதால் சாகாமல் இருக்கிறது.

ஹோட்டல் படுத்தது. 1960-களில் அறைகளைத் தடுத்துத் தடுத்துப் பொந்து பொந்தாக வாடகைக்கு விட்டார்கள். பக்கத்திலேயே கோர்ட் என்பதால் நிறைய வக்கீல் ஆபீஸ்கள், நடுநடுவே குடித்தனங்கள். ஆளாளுக்குத் தட்டி அடைத்தார்கள், குழாய் இழுத்தார்கள். 2005-இல் பால்கனியில் ஒரு பகுதி இடிந்து விழுந்து ஒருவர் செத்துப்போனார். அதே சமயத்தில், உலகத்தில் அழியும் நிலையில் இருக்கும் நூறு சின்னங்களில் ஒன்றாக உலக நினைவுச் சின்ன நிதியம் இதைச் சேர்த்தது. அதாவது கீழே நடக்கிறவர் தலையில் விழுகிற கட்டடம். அதுவே உலகம் பாதுகாக்க வேண்டிய கட்டடம். இரண்டும் உண்மை. 2019-இல் பம்பாய் ஐ.ஐ.டி. நிபுணர்கள் பார்த்துவிட்டு, பழுது பார்த்துக் கட்டுப்படியாகாது, இடிப்பதே மேல் என்றார்கள். உயர் நீதிமன்றம் காலி செய்யச் சொன்னது. காலியும் ஆயிற்று. உடனே பழங்கட்டடக் கலைஞர்கள் சிலர், 'இடிக்காதே, இதைத் தூக்கி நிறுத்த முடியும்' என்று கிளம்பினார்கள். இரும்புச் சட்டம் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் நின்றுகொண்டுதான் இருந்தது.

இங்கே வார்ப்பிரும்பு பற்றி ஒரு வார்த்தை. எவ்வளவு பாரத்தை மேலே வைத்தாலும் தாங்கும். இழுத்தால், வளைத்தால் தாங்காது. மரத்தூண் முறியும் முன் கிறீச்சிடும். எஃகு வளையும். வார்ப்பிரும்பு எச்சரிக்கை தராமல் படக்கென்று உடையும். 'இத்தனை வருஷம் நின்னுதே, இன்னும் ஒரு மழை நிக்காதா' என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நேற்று வரை நின்றது என்பது நாளைக்கு நிற்கும் என்பதற்குச் சாட்சி ஆகாது.

சரி, நியாயத்துக்கு வருவோம். ஜான் ஸ்டுவர்ட் மில் 1859-இல் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில் ஒரு பாலம் வருகிறது. பாழடைந்த பாலம். ஒருவன் அதில் கால் வைக்கப் போகிறான். எச்சரிக்க நேரம் இல்லையென்றால் அவனைப் பிடித்து இழுக்கலாம், அவன் சுதந்திரம் ஒன்றும் பறிபோகவில்லை என்கிறார் மில். ஏனென்றால் அவன் ஆற்றில் விழ ஆசைப்படவில்லை. ஆனால் விழுவது நிச்சயம் இல்லை, ஆபத்து மட்டும்தான் இருக்கிறது என்றால் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள். அந்த ஆபத்து தனக்குத் தகுமா என்று அவன்தான் தீர்மானிக்க வேண்டும். குழந்தையாகவோ, புத்தி பேதலித்தவனாகவோ இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பேப்பரில் பட்டியலைப் படித்துவிட்டு டீ குடிக்கிற மனிதருக்கு இது அப்படியே பொருந்துகிறது போலவும் தோன்றும். எச்சரித்தாகிவிட்டது. அவர் பெரியவர், புத்தி தெளிவாக இருக்கிறது. விட்டுவிட வேண்டியதுதானே?

விட முடியாததற்கு முதல் காரணம், மில்லின் பாலத்தில் ஒரே ஒரு ஆள்தான் நடக்கிறான். வீட்டில் அப்படி இல்லை. 2017 ஆகஸ்ட் 31-ஆம் தேதி காலை, பெண்டி பஜாரில் பாக்மோடியா தெருவில் ஹுசைனி கட்டடம் விழுந்தது. இரண்டு நாள் முன்னால்தான் நகரமே மழையில் மிதந்திருந்தது. 33 பேர் இறந்தார்கள். 2011-லேயே இடிக்கலாம் என்று தீர்மானமான கட்டடம் அது. மாற்று இடம் தருகிறோம் என்று சொல்லிச் சில குடும்பங்கள் போய்விட்டன, மற்றவர்கள் இருந்துவிட்டார்கள். கீழ்த்தளத்தில் ஒரு மழலையர் பள்ளி நடந்துவந்தது. பிள்ளைகள் வந்து சேரும் நேரத்துக்குச் சற்று முன்னால் கட்டடம் விழுந்ததால் அவர்கள் தப்பினார்கள். மீட்கப் போன தீயணைப்பு வீரர்கள் சிலருக்கும் காயம். 'என் உயிர், என் இஷ்டம்' என்கிறவர், இடிபாட்டுக்குள் அவரைத் தேடிப் போகிற வீரரின் உயிரையும் சேர்த்துத்தான் பந்தயம் வைக்கிறார். அந்த வீரரிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. எல்.கே.ஜி. பிள்ளையிடமும் வாங்கவில்லை. வாட்ஸன் ஹோட்டல் பால்கனிக்குக் கீழே போனவரிடமும் வாங்கவில்லை.

ரோமானியர்களுக்கு இது புரிந்திருந்தது. பக்கத்து வீடு சாய்ந்துகொண்டிருந்தால், அது விழும்வரை காத்திருக்க வேண்டாம். விழுந்தால் நஷ்டத்தை ஈடு செய்கிறேன் என்று சொந்தக்காரனிடம் முன்கூட்டியே உறுதிமொழி கேட்கலாம். கொடுக்க மறுத்தால் அந்த வீட்டுக்குள் உன்னையே நுழைய விட்டுவிடுவார் நீதிபதி. விழாத வீட்டுக்காக வழக்குப் போடும் உரிமை!

ஆகவே, இடிகிற வீட்டில் இருக்க உரிமை இல்லை. இது என் தீர்மானம். இதோடு முடித்தால் அரைப்பக்கத்தில் முடிந்துவிடும். மாநகராட்சி அதிகாரிகளும் கட்டுரையை வெட்டி ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்வார்கள். அதுதான் கூடாது என்கிறேன். ஏனென்றால் மில் சொன்னதில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. பாலத்தில் நடக்கிறவனைத் திருப்பி அனுப்பினால் அவன் இந்தக் கரையில் பத்திரமாக நிற்பான். மும்பையில் திருப்பி அனுப்புகிறார்களே, எந்தக் கரைக்கு?

மும்பை வாடகை விஷயம் தெரிந்தால்தான் இது புரியும். 1947 சட்டம் வாடகையை 1940-இன் அளவில் உறைய வைத்தது. போர்க்காலத்தில், அகதிகள் வந்து குவிந்த காலத்தில் நியாயமான ஏற்பாடு. ஆனால் உறைந்தது உருகவே இல்லை. வீட்டுக்காரனுக்கு வருகிற நூறு இருநூறு ரூபாய் வாடகையில் பெயின்ட் டப்பாகூட வாங்க முடியாது. அவன் ஏன் ரிப்பேர் பார்ப்பான்? பார்க்கவில்லை. கட்டடம் விழுந்தால் அவனுக்கு லாபம், மனை பொன்னாகும். குடியிருப்பவரும் சும்மா வந்தவர் இல்லை. உள்ளே வரும்போது பெரிய தொகை கொடுத்திருக்கிறார். பகடி என்று பெயர். இந்தியில் தலைப்பாகை என்று அர்த்தம். தமிழில் கேலி. மொத்தத்தில் பார்த்தால் தமிழ் அர்த்தம்தான் சரி என்று தோன்றுகிறது. அவர் பாதி சொந்தக்காரர், பாதி குடித்தனக்காரர். 1997-இல் உச்ச நீதிமன்றம் இந்த உறைபனி நியாயமில்லை என்றது. புதுச் சட்டம் 2000-இல் அமலுக்கு வந்து, வருடத்துக்கு 4 சதவீதம் ஏற்றலாம் என்றது. நூறு ரூபாய்க்கு நாலு ரூபாய்!

நடுவில் அரசாங்கம் ஒரு வாரியம் அமைத்து, 1969-லிருந்து பழைய கட்டடங்களுக்கு வரி வசூலித்து ரிப்பேர் பார்க்கக் கிளம்பியது. அப்போது கணக்கில் வந்தவை 19,600-க்கும் மேல். விழுந்தது, இடித்தது போக இன்னமும் பல்லாயிரம் பாக்கி. ஆபத்து என்று வெளியேற்றியவர்களைத் தற்காலிக முகாம்களில் வைத்தார்கள். தற்காலிகம் என்ற சொல்லை நம்பிப் போனவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்து, படித்து, கல்யாணம் செய்து, அவர்கள் பிள்ளைகளும் அங்கேயே. கிர்காமில் நடந்தே வேலைக்குப் போனவர் நகரத்தின் மறுகோடியிலிருந்து இரண்டு ரயில் மாற வேண்டும். எலி வளையானாலும் தனி வளை என்பார்கள் நம் ஊரில். அந்த வளையை விட்டு வெளியே போனால் திரும்ப அடைபடாது என்று எலிக்குத் தெரியாதா?

இப்போது அந்த டீ குடிக்கிற மனிதரிடம் வாருங்கள். அவரிடம் துணிச்சலும் இல்லை, அசட்டுத்தனமும் இல்லை. கணக்குப் போட்டிருக்கிறார். இந்த மழையில் வீடு விழ ஒரு சின்ன வாய்ப்பு இருக்கிறது. காலி செய்தால் வீடு போவது கிட்டத்தட்ட நிச்சயம். இரண்டையும் தராசில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் போய், கட்டடம் எவ்வளவு ஆபத்தானது என்று கூட்டம் போட்டு விளக்குவதில் என்ன பிரயோஜனம்? தினமும் சாயங்காலம் விரிசலை அவர் நம்மைவிட நன்றாகவே பார்க்கிறார்.

அவர் கணக்கில் கொஞ்ச காலம் நீதிமன்றமும் ஒரு கல்லைத் தூக்கி வைத்தது. கட்டடம் அழிந்தால் வாடகை உரிமையும் அதோடு அழிந்தது என்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. யோசித்துப் பாருங்கள். நோட்டீஸ் கொடுக்கிற அதிகாரி 'உங்கள் நன்மைக்குத்தான்' என்கிறார். அவர் கடப்பாரை விழுந்த நிமிஷம் உங்கள் உரிமை செத்தது. யார் வெளியே வருவார்கள்? 2014-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. மகாராஷ்டிரத்தில் மாநகராட்சி இடித்த ஒரு கட்டடத்தின் வழக்கு. கூரையும் சுவரும் போனாலும் மனை இருக்கிறது, குடியிருப்பு உரிமை அந்த மனையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்றார்கள். என்னைக் கேட்டால், இந்த ஒரு தீர்ப்பு காப்பாற்றுகிற உயிர்கள் அத்தனை போலீஸ் பட்டாளத்தாலும் காப்பாற்ற முடியாதவை. ஆனால் தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது. டோங்கிரி சந்துக்கு வந்து சேர நாளாகும்.

ஆபத்து என்று சொல்வது யார் என்ற விஷயமும் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு உறுதித் தணிக்கை கட்டாயம். பொறியாளர் வருவார். காங்கிரீட்டை ஒரு சுத்தியலால் தட்டி, அது எவ்வளவு எம்புகிறது என்று பார்ப்பார். ஒலி அலை அனுப்பி, உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். கடல் காற்றில் உப்பு. துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே இருக்கிற காங்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். இதெல்லாம் விஞ்ஞானம்தான். ஆனால் வீட்டுக்காரர் கூட்டிவருகிற பொறியாளர் 'சி-1, உடனே இடி' என்பார். அதே தூணை குடித்தனக்காரர்கள் கூட்டிவருகிற பொறியாளர் தட்டிப் பார்த்து 'சி-2, ரிப்பேர் போதும்' என்பார். இது அடிக்கடி நடப்பதால் இரண்டு அறிக்கைக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல மாநகராட்சியே ஒரு நிபுணர் குழு வைத்திருக்கிறது. "டாக்டர் ஃபீஸை யார் கொடுக்கிறாங்களோ அவங்களுக்குப் பிடிச்ச வியாதியை டாக்டர் சொல்ற மாதிரி, சார்" என்றார் இந்த மாதிரி வழக்குகளில் ஆஜராகிற ஒரு வக்கீல் நண்பர்.

அந்த மாநகராட்சியாவது யோக்கியமா? 2013 செப்டம்பர் 27-ஆம் தேதி மஸ்காவ்ன் டாக்யார்டு ரோடு பக்கத்தில் பாபு கேனு மார்க்கெட் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். சொந்தக்காரர் யார் தெரியுமா? மாநகராட்சி. உள்ளே குடியிருந்தது அதன் சொந்த ஊழியர்கள். கட்டடத்துக்கு வயசு முப்பத்துச் சொச்சம்தான். ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் தங்கள் சுவரில் ஒட்ட மறந்துவிட்டார்கள். அடுத்த வருடம் சென்னை மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருக்கும்போதே பதினொரு மாடி சரிந்து அங்கேயும் 61 பேர் போனார்கள். பழசு என்றால் ஆபத்து, புதுசு என்றால் பத்திரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2019 ஜூலை 16-ஆம் தேதி டோங்கிரியில் கேசர்பாய் கட்டடம் சரிந்தது. சந்து குறுகல். வண்டி நுழையவில்லை. அக்கம்பக்கத்து ஜனங்கள் வரிசையாக நின்று கல்லையும் மண்ணையும் கை மாற்றிக் கை மாற்றி அள்ளினார்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காலி செய்யச் சொல்லி 2017-லேயே மாநகராட்சி கடிதம் எழுதியிருந்தது. வாரியம் சொன்னது: விழுந்த பகுதி எங்கள் கணக்கில் வராது, அனுமதி இல்லாமல் கட்டியது. உள்ளே ஆள் கிடக்கும்போது வெளியே இந்த வாதம். இதைப் பார்த்துக்கொண்டு இன்னொரு கட்டடத்தில் உட்கார்ந்திருப்பவர், நோட்டீஸ் கொடுக்கிறவர்களை எந்த முகத்தோடு நம்புவார்?

பாரம்பரியக்காரர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர்களைப் பிடிக்கும். வாட்ஸன் ஹோட்டல் போன்ற இரும்புக் கட்டடம் உலகத்திலேயே அபூர்வம். லூமியேர் படம் ஓடிய இடத்தை இடித்துவிட்டு அங்கே கண்ணாடிப் பெட்டி நிறுத்துவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் ஒரு சங்கடம். இடிக்காதே என்கிற நாம் யாரும் அந்த பால்கனிக்குக் கீழே படுப்பதில்லை. காலியான பிறகு காப்பாற்றுவோம் என்றால் சரி, காசு யார் கொடுப்பது என்பது மட்டும்தான் பாக்கி. ஆள் உள்ளே இருக்கும்போதே 'அழகு, அழகு' என்று ரசித்துக்கொண்டு வழக்கை இழுத்தடித்தால், அடுத்தவர் உயிரை வைத்து நாம் ரசனை வளர்க்கிறோம் என்று ஆகிவிடும்.

2020-இல் மகாராஷ்டிரம் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்து, 2022-இல் அதற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. கட்டடம் ஆபத்தானது என்று முடிவானதும் வீட்டுக்காரருக்கு ஆறு மாதம். அவர் புதிதாகக் கட்டத் திட்டம் கொடுக்காவிட்டால் குடித்தனக்காரர்களுக்கு ஆறு மாதம். அவர்களாலும் முடியாவிட்டால் வாரியமே எடுத்துக் கட்டும். நோக்கம் நல்லதுதான். வழக்குகள் உடனே வந்தன. மும்பை மனை விலையில் வழக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வக்கீல் நண்பரிடம் கேட்டேன். "நோட்டீஸ் வந்த கட்டடத்திலிருந்து உங்களிடம் வருகிறவர்களுக்கு என்ன சொல்வீர்கள்? இருங்கள் என்பீர்களா, போங்கள் என்பீர்களா?"

"ரெண்டும் சொல்ல மாட்டேன். டேப் வெச்சிருக்கிற ஆளைக் கூப்பிடுங்கன்னு சொல்வேன்."

"எந்த டேப்?"

"அளக்கிற டேப், சார். இடிக்கிறதுக்கு முன்னாடி மாநகராட்சி ஆள் வந்து ஒவ்வொரு குடித்தனமும் எத்தனை சதுர அடின்னு அளந்து, பேர் போட்டு, எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அந்தக் காகிதம் கையில வந்துட்டா, மறுநாளே மூட்டை கட்டிடறாங்க. அது வராம போலீஸ் வேன் வந்தா, கிழவி படியிலேயே படுத்துக்குது. அளக்க ஒரு மணி நேரம் ஆகும். அதுக்கு ஆள் வரதுக்குத்தான் ரெண்டு மழைக்காலம் ஆகுது."